தகுபான் நகரில் ஒரு மீன் பிஸ்டெக்

பிலிப்பைன்ஸின் பங்கசினான் மாகாணத்தைச் சேர்ந்த தகுபான் நகரம் 'பங்குஸ்' என்னும் பால்கெண்டை மீனுக்குப் பெயர்பெற்றது என்பதால், அங்குள்ள சிறிய உணவகம் ஒன்றில் 'பிஸ்டெக் நா பங்குஸ்' கேட்டு வாங்கினேன். மாட்டிறைச்சியில் செய்யப்படும் பிஸ்டெக் என்னும் பிலிப்பைன்ஸ் உணவின் மீன் வடிவம் இது.

முள் நீக்கிய மீனைத் தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை பொரித்து, சோயா சாஸ், பூண்டு, மிளகு, கலமன்சி என்னும் எலுமிச்சை இனப் பழத்தின் சாறு ஆகியவை சேர்ந்த குழம்பை ஊற்றி, வட்டமாக அரிந்த வெங்காயத்தை மேலே பரப்பியிருந்தனர். நெல்லிக்காய் அளவே உள்ள கலமன்சியில் எலுமிச்சையின் புளிப்போடு ஆரஞ்சின் மணமும் உண்டு. அடுப்பை அணைக்கும் தறுவாயில் அதைப் பிழிந்திருந்ததால் கசப்பு சிறிதும் தட்டவில்லை. கொழுப்பு மிகுந்த வயிற்றுப் பகுதி, அந்தப் புளிப்பில் ஊறி, வெறும் சோற்றோடு வெண்ணெய்போல் கரைந்தது.

குறையென்றால், குழம்பை முன்கூட்டியே ஊற்றிவிட்டதால் மேசைக்கு வருமுன் வால்பகுதி நமத்துப்போயிருந்தது. வெங்காயமும் நறுக்கென்று இல்லாமல் குழைந்திருந்தது. அடுத்த முறை குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்குவேன்.