சட்டைப்பையில் ஓர் இஸ்திக்ஃபார் நூல்

ரமளான் பிறக்கும் முன்பே எங்கள் பள்ளிவாசல் வாசலில் அத்தர், தொப்பி, பேரீச்சம்பழக் கடைகளுக்கு நடுவே துஆக் (இறைவனிடம் கேட்கும் வேண்டுதல்) கையேடுகளும் வந்து குவிந்துவிடும். அவற்றில் இஸ்திக்ஃபார் எனும் பாவமன்னிப்புத் துஆக்களை மட்டும் தொகுத்த 96 பக்கச் சிறு நூல் ஒன்றை 60 ரூபாய்க்கு வாங்கி, கடந்த நோன்பு முழுவதும் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். பதிப்பகத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். நான் கண்ட குறைகள் இவ்வகை நூல்கள் பலவற்றிலும் உள்ளவைதான்.

நூலின் சிறப்பு அதன் வரிசை. தொழுது, முடிவாக ஸலாம் கொடுத்ததும் மூன்று முறை சொல்லும் ‘அஸ்தக்ஃபிருல்லாஹ்’ (அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கிறேன்), நெற்றி தரையில் பட வணங்கும் இரண்டு ஸஜ்தாக்களுக்கு இடையிலான இருப்பில் கேட்கும் ‘ரப்பிக்ஃபிர்லீ’ (இறைவா, என்னை மன்னிப்பாயாக), தொழுகையில் ஓதுவதற்கென்று நபித்தோழர் அபூபக்ர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டுப் பெற்ற துஆ, ரமளானின் மகத்துவமிக்க இரவான லைலத்துல் கத்ருக்காக நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் கற்றுத்தரப்பட்ட துஆ என ஒவ்வொன்றும் அதற்குரிய இடத்தோடும் தமிழ்ப் பொருளோடும் வருகிறது. தொழுகை முடிந்த பின் கையேந்திக் கேட்பதுதான் துஆ என்று நம்மில் பலர் பழகிவிட்டோம். தொழுகைக்கு உள்ளேயே மன்னிப்புக் கேட்க இத்தனை இடங்கள் இருப்பது, நாற்பது ஆண்டுகளாகத் தொழுதுவரும் எனக்கே இதை வரிசையாகப் படித்தபோதுதான் உறைத்தது. (எங்கள் ஊரில் ரமளான் இரவுத் தொழுகையான தராவீஹில் இமாமின் வேகத்துக்கு அந்த இருப்பு மூச்சு விடும் நேரம்கூட நீடிக்காது என்பது வேறு விஷயம்.) இப்போதுதான் வணங்கி முடித்தவன் ஏன் உடனே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற கேள்விக்கு, வணக்கத்தில் நேர்ந்த குறைகளுக்காக என்று ஒரே வரியில் தரப்பட்டுள்ள விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தடுமாற்றம் ஏழாம் பக்கத்தில் தொடங்குகிறது. நபித்தோழர் ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவித்து, புகாரீ ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியுள்ள ‘ஸய்யிதுல் இஸ்திக்ஃபார்’, அதாவது பாவமன்னிப்பு துஆக்களின் தலையாயது, அங்கே அரபியிலும் தமிழ் எழுத்திலும் தரப்பட்டுள்ளது. ‘நீயே என்னைப் படைத்தாய்’ என்று பொருள்படும் சொல் தமிழில் ‘கலக்தனீ’ என்று அச்சாகியிருக்கிறது. அதில் வரும் இரண்டு ககர ஒலிகளும் அரபியில் வெவ்வேறு எழுத்துகள்: முதலாவது ‘கா’, அடுத்தது ‘காஃப்’. முதல் எழுத்தைத் தொண்டையில் சற்றுத் தவறி ‘ஹ’ என்று ஒலித்துவிட்டால் ‘நீ என்னைச் சிரைத்தாய்’ என்று பொருள் மாறிவிடும். தமிழ் எழுத்தில் இதைக் காட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனால் முன்பக்கத்தில் ஒரு சிறு ஒலிப்புக் குறிப்பாவது தந்திருக்கலாம். என் உம்மா அரபுத்தமிழில் எழுதி வைத்திருந்த பழைய நோட்டில் இந்தச் சிக்கலே இல்லை. தமிழ் விளக்கமும் அரபு எழுத்திலேயே இருப்பதால் துஆவின் எழுத்துகள் அப்படியே நின்றன.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தவ்பாவின் (பாவத்திலிருந்து மீளுதல்) நிபந்தனைகளாக ஹதீஸ் அறிஞர் இமாம் நவவீ ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் கூறியவற்றில், பாவத்தை விட்டுவிடுதல், அதற்காக வருந்துதல், இனிச் செய்வதில்லை என்று உறுதிகொள்ளுதல் ஆகிய மூன்றையும் இந்நூல் நான்கு பக்கங்களில் விளக்குகிறது. நான்காவதான, அடியார்களின், அதாவது சக மனிதர்களின், உரிமை சம்பந்தப்பட்ட பாவமென்றால் அந்த உரிமையை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையோ பொடி எழுத்தில் அடிக்குறிப்பாக ஒதுங்கிவிட்டது. இருபத்தேழாம் இரவில் இந்நூலைப் பார்த்து ஓதிக்கொண்டிருந்தபோது, என் மச்சானிடம் வாங்கி மூன்று ஆண்டுகளாகத் திருப்பித் தராத பணம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதற்கான விடை அந்த அடிக்குறிப்பில்தான் இருந்தது, அதையும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் படிக்க முடிந்தது.

அரபு எழுத்து தெரிந்தவர்கள் தயங்காமல் வாங்கலாம். பெரிய எழுத்தில், ஸபர் ஸேர் எனும் உயிரொலிக் குறிகள் தெளிவாக அச்சாகியுள்ளன. தமிழ் எழுத்தை மட்டும் நம்பி ஓதுபவர்கள், ஒரு முறையாவது ஹஜ்ரத் (மார்க்க ஆசிரியர்) ஒருவர் முன் அமர்ந்து ஓதிக் காட்டித் திருத்திக்கொண்ட பிறகு பயன்படுத்துவது நல்லது. கட்டுமானம் வெறும் பின் அடித்ததுதான். இருபதாம் நோன்பன்றே ஏழாம் பக்கத் தாள் தனியே கழன்று வந்துவிட்டதால், அதை இப்போது முஸல்லாவின் (தொழுகை விரிப்பு) மடிப்பில் வைத்திருக்கிறேன்.