ரிவர்சிங் லூப்பில் ரிலே வகை ஆட்டோ ரிவர்சர்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

டிசிசி முறையில் (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி எஞ்சின்களை இயக்கும் முறை) ஓடும் மாதிரி ரயில் லேஅவுட்டில் ரிவர்சிங் லூப், அதாவது ரயில் சுற்றி வந்து அதே பாதையில் எதிர்த்திசையில் திரும்பும் வளையம், அமைக்கவிருக்கும் நண்பர், நான் பயன்படுத்தும் ரிலே (மின்காந்த ஸ்விட்ச்) வகை ஆட்டோ ரிவர்சரையே வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். வளையம் திரும்பி வந்து சேரும் இடத்தில் தண்டவாளங்களின் துருவம் எதிரெதிராகி ஷார்ட் ஆகும்; லூப்பின் துருவத்தைத் தானாக மாற்றி அதைச் சரிசெய்யும் மாட்யூல்தான் இது. கேட்ட நேரம் சரியில்லை. அதை மறுபடியும் திருகிச் சரிசெய்துவிட்டு இப்போதுதான் எழுந்தேன்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். லூப்பின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் இன்சுலேட் செய்து, மாட்யூலுக்குள் வரும் இரு ஒயர்களையும் அதிலிருந்து லூப்புக்குப் போகும் இரு ஒயர்களையும் அதனதன் இடத்தில் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. எஞ்சினின் திசையை அதற்குள் இருக்கும் டீகோடருக்குச் செல்லும் கட்டளையே தீர்மானிப்பதால், ஓடும் ரயிலுக்கு அடியிலேயே துருவம் மாறினாலும் அது நிற்பதில்லை. தண்டவாளத் துருவமே திசையைத் தீர்மானித்த டிசி காலத்தில் ரயிலை லூப்புக்குள் நிறுத்திவைத்து ஸ்விட்சைத் தேடியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

எரிச்சல் ட்ரிப் அளவில்தான், அதாவது எவ்வளவு மின்னோட்டம் வந்தால் துருவத்தை மாற்ற வேண்டும் என்று திருகி வைக்கும் அளவில். இந்த மாட்யூல் எதையும் முன்கூட்டி அறிவதில்லை. சக்கரம் இன்சுலேட் செய்த இடைவெளியின் மேல் ஏறி ஷார்ட் உண்டான பிறகே துருவத்தை மாற்றுகிறது. எனவே தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் ஷார்ட்டைக் கண்டு அதைத் துண்டிப்பதற்கு முன்பே மாட்யூல் ட்ரிப் ஆக வேண்டும். ஆனால் விளக்கெரியும் பெட்டிகளை இரட்டை எஞ்சின் இழுக்கும் சாதாரணச் சுமைக்கு ட்ரிப் ஆகவும் கூடாது. பூஸ்டர் சிறியதாக இருந்தால் இந்த இரண்டுக்கும் நடுவே திருகை நிறுத்த இடமே இருப்பதில்லை. ரிலே அசைவதற்குள் பூஸ்டர் முந்திக்கொண்டால் லேஅவுட் முழுவதும் நின்றுபோகிறது. மீண்டும் மின்சாரம் வந்ததும் ஒலி டீகோடர்களின் கெபாசிட்டர்கள் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏற, அதையும் ஷார்ட் என்று எண்ணி மாட்யூல் இங்கும் அங்குமாகத் துருவத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த 'டிக் டிக்' ஓசையை ரசிப்பவர்கள் இருக்கலாம், எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

உலோகச் சக்கரங்கள் கொண்ட ரயில் லூப் பகுதியைவிட நீளமாகி, இரு முனை இடைவெளிகளையும் ஒரே நேரத்தில் தொட்டால் எந்த வகை ரிவர்சராலும் காப்பாற்ற முடியாது. அந்தப் பழியை இதன் மேல் போட மாட்டேன்.

ஆகவே நண்பரே, ரிலே இல்லாத, டிரான்சிஸ்டரால் துருவம் மாற்றும் வகையையே வாங்குங்கள். அது பூஸ்டரை எளிதாக முந்திவிடும். என் ரிலேயை நான் கழற்றப் போவதில்லை. இன்று திருகிய அளவில் எல்லா ரயில்களும் ஓடுகின்றன, அது கலையும்வரை வேறெதையும் தொடும் எண்ணமில்லை.