1927 யாங்கீஸா 1975 ரெட்ஸா: ஏழாவது இன்னிங்ஸுக்கு மேலதான் இருக்கு விஷயம்

எங்க லீக் சின்னது, மொத்தமே 8 டீம். எல்லாம் பழைய அமெரிக்க பேஸ்பால் டீம்ங்க, ஆடறது ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்ல, அதாவது 1961லேர்ந்து விக்கிற அந்த கார்டும் டைஸும் வச்சு ஆடற கேம். ஸ்கூல் கடைசி பெஞ்ச்ல புக் கிரிக்கெட் ஆடினவங்களுக்கு சட்டுனு புரிஞ்சிடும், அதே சமாச்சாரம்தான், ஆனா இதுல ஒவ்வொரு ஆளுக்கும் அந்த வருஷம் நிஜமா ஆடின கணக்கை வச்சு ஒரு கார்டு போட்டிருப்பாங்க. மூணு டைஸ் உருட்டணும். வெள்ளை டைஸ்ல 1, 2, 3 விழுந்தா பேட்டரோட கார்டைப் பாக்கணும், 4, 5, 6 விழுந்தா பிட்சரோட, அதாவது பந்து வீசறவரோட கார்டு. மத்த ரெண்டு டைஸையும் கூட்டினா எந்த வரியைப் படிக்கணும்னு தெரியும். இந்த வெள்ளை டைஸ் விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

டீம் எடுக்கிற அன்னிக்கு முதல் சான்ஸ் எனக்குத்தான் வந்துச்சு. 1927 நியூயார்க் யாங்கீஸ் அப்படியே மேஜைல இருக்கு, எல்லாரும் அதைத்தான் எடுக்கப்போறேன்னு நினைச்சாங்க, நான் 1975 சின்சினாட்டி ரெட்ஸ்னு சொன்னதும் பக்கத்துல இருந்தவர் ஒரு செகண்ட்கூட யோசிக்காம யாங்கீஸை எடுத்துக்கிட்டார். இப்ப ஃபைனல்ல அந்த ரெண்டு டீமும்தான் மோதுது, வர்ற சனிக்கிழமை ஆரம்பம், ஏழுல நாலு ஜெயிக்கணும். ஏன் ரெட்ஸை எடுத்தேன்னு கேட்டவங்களுக்கெல்லாம் துண்டு துண்டா பதில் சொல்லி அலுத்துப்போச்சு, மொத்தமா இங்க எழுதிடறேன்.

பேட்டிங்கை சீக்கிரம் முடிச்சிடலாம், ஏன்னா எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். யாங்கீஸ் 110 ஆட்டம் ஜெயிச்சாங்க, 44 தோத்தாங்க, 975 ரன். பேப் ரூத் 60 ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி. அந்த வருஷம் அமெரிக்கன் லீக்ல (அங்க இருக்கிற ரெண்டு பெரிய லீக்ல ஒண்ணு, இன்னொண்ணு நேஷனல் லீக்) வேற எந்த டீமும், டீம் மொத்தமா சேந்துகூட, 60 அடிக்கல. அவருக்கு அடுத்து லூ கெரிக், .373 ஆவரேஜ் (நூறு தடவை பேட் பிடிச்சா 37 தடவை ஹிட், அதாவது அடிச்சு, ஓடி நிக்கிற இடமான பேஸுக்குப் போயிடறது), 47 ஹோம் ரன், அந்த வருஷ எம்விபியே, அதாவது லீக்லயே சிறந்த ஆளே அவர்தான். முன்னாடி ஏர்ல் கூம்ப்ஸ் 231 ஹிட், பின்னாடி பாப் மியூசல், டோனி லஜாரி. ரெட்ஸ் 108 ஜெயிச்சு 54 தோத்தாங்க, 840 ரன். ஜோ மார்கன் .327 ஆவரேஜ், 132 வாக் (நாலு தப்பு பந்து வந்தா சும்மாவே முதல் பேஸுக்குப் போறது), 67 பேஸ் திருட்டு (பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிடறது), அந்த வருஷ எம்விபி. பீட் ரோஸ் 210 ஹிட், ஜானி பெஞ்ச் 28 ஹோம் ரன், டோனி பெரஸ் 109 ரன் உள்ள கொண்டுவந்தார். தனித்தனியா பாத்தா யாங்கீஸ் பக்கம் இருக்கிற ரெண்டு மலைக்கு ஈடா ரெட்ஸ்ல யாரும் இல்ல, அதை மறுக்கவே மாட்டேன்.

ஆனா 975ஐயும் 840ஐயும் அப்படியே பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கிறது தப்பு. 1927ல அமெரிக்கன் லீக்ல ஒரு டீம் சராசரியா ஆட்டத்துக்கு 4.9 ரன் அடிச்சுது, 1975ல நேஷனல் லீக்ல அது 4.1 தான். யாங்கீஸ் 6.3 அடிச்சாங்க, ரெட்ஸ் 5.2. கணக்கு போட்டுப் பாருங்க, ரெண்டு டீமும் அவங்கவங்க லீக்கை விட கால்வாசிக்குக் கொஞ்சம் அதிகமா அடிச்சிருக்காங்க, வித்தியாசம் கையில பிடிக்கிற அளவுக்குக்கூட இல்ல. கார்டும் அந்தந்த வருஷத்து லீக்கை வச்சுத்தான் போடறாங்க, அதனால மேஜைல வரும்போது அந்த 135 ரன் வித்தியாசம் பெரும்பாலும் கரைஞ்சு போயிடுது. அந்த 1927 லீக்ல ஆட கறுப்பினத்தவங்களுக்கு அனுமதியே கிடையாது, ஜாக்கி ராபின்சன் உள்ள வந்தது 1947ல. என் டீம்ல இருக்கிற மார்கன், ஜார்ஜ் ஃபாஸ்டர், கென் க்ரிஃபி மூணு பேருக்கும் 1927ல கதவே திறந்திருக்காது. ரூத், கெரிக் திறமையை இதனால குறைச்சு சொல்லல, அவங்க யாரை எதிர்த்து ஆடினாங்களோ அந்தக் கூட்டத்துல எத்தனையோ நல்ல ஆளுங்க வெளிய நிறுத்தப்பட்டிருந்தாங்கன்னு சொல்றேன், ஒப்பிடும்போது அது எனக்கு மனசுல ஓடிக்கிட்டே இருக்கும்.

பிட்சிங்ல நேர்மையா சொல்லணும்னா முழு வருஷக் கணக்குல யாங்கீஸ்தான் மேல. 4.9 ரன் போற லீக்ல அவங்க 3.9தான் விட்டாங்க. ரெட்ஸ் 4.1 போற லீக்ல 3.6. வெயிட் ஹாய்ட் 22 ஜெயிச்சு 7 தோத்தார், ஹெர்ப் பென்னாக் 19-8, அர்பன் ஷாக்கர் 18-6, இப்படி ஸ்டார்ட்டருக்கு (ஆட்டத்தை ஆரம்பிக்கிற பிட்சருக்கு) ஸ்டார்ட்டர் நிக்க வச்சா டான் கல்லட் ஒருத்தர்தான் அவங்களுக்கு சமமா நிப்பார். அவர் 15-4, ஈஆர்ஏ, அதாவது ஒரு முழு ஆட்டமான ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா விட்ட ரன், 2.42, அந்த வருஷம் கட்டைவிரல் உடைஞ்சு ரெண்டு மாசம் போல வெளிய இருந்தும் அந்தக் கணக்கு. கேரி நோலன், ஜாக் பில்லிங்ஹாம் நல்ல பிட்சர்ங்கதான், ஆனா ஹாய்ட் முன்னாடி நின்னா கொஞ்சம் சின்னவங்களாத்தான் தெரிவாங்க.

அப்புறம் எதுக்கு ரெட்ஸ்? இங்கதான் அந்த வெள்ளை டைஸ். ரூத்தே வந்து நின்னாலும் பாதி தடவை அவர் கார்டை யாரும் தொடறதே இல்ல, பிட்சர் கார்டுதான் பேசுது. அப்ப அந்த நேரத்துல எந்த பிட்சர் கார்டு மேஜைல கிடக்குதுங்கிறதுதான் கேள்வி. இதுல ஒவ்வொரு பிட்சருக்கும் தாக்குப்பிடிக்கிற இன்னிங்ஸ்னு ஒரு எண் இருக்கு, அதைத் தாண்டினப்புறம் ஹிட்டும் வாக்கும் சேர ஆரம்பிச்சா ஆள் களைச்சுட்டார்னு அர்த்தம், களைச்சுட்டா அவர் கார்டுல பக்கத்துல கறுப்புப் புள்ளி வச்ச அவுட்டெல்லாம் சிங்கிளா, அதாவது ஒரு பேஸ் ஹிட்டா மாறிடும். அதுவரைக்கும் தங்கமா இருந்த கார்டு அஞ்சு நிமிஷத்துல ஓட்டைப் பானை ஆகிடும். ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது இன்னிங்ஸ்ல உங்க கையில புது கார்டு இருக்கா இல்லையா, எனக்கு இந்த ஒப்பீடே அவ்வளவுதான்.

நடுவுல மாத்தி எறக்கிற பிட்சர்தான் ரிலீவர், அவங்க கூட்டம்தான் புல்பென். 1927 யாங்கீஸோட புல்பென்னுனா அது வில்சி மூர்ங்கிற ஒரே ஆள். அருமையான ஆள், 19-7, ஈஆர்ஏ 2.28, 50 ஆட்டம், அதுல 12 ஆட்டம் ஸ்டார்ட் வேற பண்ணியிருக்கார். அவருக்கு அப்புறம் வர்றவங்க யாரும் கடைசி மூணு இன்னிங்ஸை முழுசா நம்பி ஒப்படைக்கிற ரிலீவர் இல்ல, ஏன்னா அந்தக் காலத்துல அப்படி ஒரு வேலையே அபூர்வம், பெரும்பாலும் ஆரம்பிச்சவரே முடிக்கணும். அந்த வருஷம் அவங்க ஸ்டார்ட்டர்கள் ஆரம்பிச்சவங்களே முடிச்ச ஆட்டம் 82, பாதிக்கு மேல. 1975 ரெட்ஸ்ல அது வெறும் 22. மேனேஜர் ஸ்பார்க்கி ஆண்டர்சனுக்கு கேப்டன் ஹுக்னே பேரு, பிட்சர் லேசா தடுமாறினா போதும், கொக்கி போட்டு இழுத்துடுவார். ஒரு கட்டத்துல தொடர்ந்து 45 ஆட்டம் அந்த டீம்ல ஒரு ஸ்டார்ட்டர்கூட ஆட்டத்தை முடிக்கல. அப்படி இழுக்க முடிஞ்சதுக்குக் காரணம் பின்னாடி உக்காந்திருந்த நாலு பேர்: ராலி ஈஸ்ட்விக், வில் மெக்எனனி, கிளே கேரல், பெட்ரோ போர்போன். நாலு பேருக்குமே ஈஆர்ஏ 3க்குக் கீழ. ஈஸ்ட்விக் 22 சேவ் (கடைசில வந்து முன்னிலையைக் காப்பாத்தி முடிச்ச ஆட்டம்), மெக்எனனி 15.

யாங்கீஸ் வச்சிருக்கிற நண்பர் இதுக்கு ஒரு பதில் வச்சிருக்கார், சரியான பதிலும்கூட: என் ஸ்டார்ட்டர்களோட எண்ணே பெருசு, எட்டு ஒன்பது இன்னிங்ஸ் போவாங்க, எனக்கு எதுக்கு புல்பென்? சாதாரண டீமுக்கு எதிரா நிஜம்தான், லீக் ஆட்டத்துல எல்லாரையும் அப்படித்தான் தட்டிட்டு வந்தார். ஆனா ரெட்ஸ் லைனப்ல மூச்சு விட இடமே இல்ல, எட்டு பேர்ல அடியில இருக்கிற சீசர் ஜெரோனிமோவே .257. ஹிட்டும் வாக்கும் சேந்துக்கிட்டேதான் இருக்கும். அதோட எங்க லீக் ரூல்படி ரெண்டு இன்னிங்ஸுக்கு மேல போட்ட ரிலீவர் அடுத்த ஆட்டம் உக்காரணும். மூர் முதல் ஆட்டத்துல மூணு இன்னிங்ஸ் வந்துட்டார்னா ரெண்டாவது ஆட்டத்துல அவர் இல்ல, ஹாய்ட்டோ பென்னாக்கோ களைச்சாலும் நிக்க வச்சே ஆகணும். என்கிட்ட அந்தக் கஷ்டம் இல்ல, ஒருத்தர் உக்காந்தா மூணு பேர் எழுந்திரிப்பாங்க, ஏழு ஆட்டமும் இப்படியே ஓட்டலாம். டீம் எடுக்கிற அன்னிக்கே நான் இதைத்தான் யோசிச்சேன், முதல் நாள் பளபளப்பை விட அஞ்சாவது நாள் எது ஓடும்னு.

இன்னொண்ணும் இருக்கு. ரெண்டு டீமுக்குமே டிஎச், அதாவது பிட்சருக்கு பதிலா பேட் மட்டும் பிடிக்கிற ஆள் கிடையாது, பிட்சரும் பேட் பிடிக்கணும். மூர் அந்த வருஷம் அடிச்சது .080. சீசன் முழுக்க மூணு ஹிட் அடிக்க மாட்டேன்னு ரூத் அவர்கிட்ட 300 டாலர் பந்தயம் கட்டினாராம், மனுஷன் ஆறு அடிச்சு, அந்தப் பணத்துல ரெண்டு கோவேறு கழுதை வாங்கி ஒண்ணுக்கு பேப், இன்னொண்ணுக்கு ரூத்னு பேர் வச்சார்னு சொல்வாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது. ஆனா மேஜைல அது பெரிய தலைவலி, எட்டாவது இன்னிங்ஸ்ல ஆள் பேஸ்ல நிக்கும்போது மூரோட டர்ன் வந்தா அவருக்கு பதிலா பென் பாஸ்கலை அனுப்பணும், அனுப்பினா மூர் அந்த ஆட்டத்துல திரும்ப வர முடியாது, பின்னாடி யாரு? நான் பிட்சரை எடுத்துட்டு டான் ட்ரீசனை அனுப்பறதுக்கு யோசிக்கவே வேண்டாம்.

இடதுகை விஷயமும் இதோட சேந்ததுதான். கூம்ப்ஸ், ரூத், கெரிக் மூணு பேரும் இடதுகை பேட்டர்ங்க, கார்டுல இடதுகை பிட்சருக்கு ஒரு பக்கம், வலதுகைக்கு ஒரு பக்கம்னு தனித்தனியா இருக்கும், இடதுகை பேட்டருக்கு இடதுகை பிட்சர்னா பொதுவா கஷ்டம். என்கிட்ட ஸ்டார்ட் பண்ண கல்லட், ஃப்ரெட் நார்மன்னு ரெண்டு இடதுகை, கடைசில மெக்எனனி. டி20ல எதிர்ல யார் நிக்கிறாங்கன்னு பாத்து ஓவர் குடுப்பாங்கல்ல, அதே மாதிரிதான்.

நான் தனியா உக்காந்து ஆறு டெஸ்ட் ஆட்டம் போட்டுப் பாத்தேன், ரெண்டு பக்கமும் நானே. ரெட்ஸ் நாலு, யாங்கீஸ் ரெண்டு. அதுல ஒண்ணு இன்னும் கண்ணுலயே நிக்குது. எட்டாவது இன்னிங்ஸ், ரெட்ஸ் 4-3, ரூத் வாக்ல முதல் பேஸ்ல, கெரிக் வர்றார். நோலனை எடுத்துட்டு மெக்எனனி கார்டை வச்சேன், எல்லாம் நான் நினைச்ச மாதிரியே. உருட்டினேன், வெள்ளை டைஸ் 4ல நிக்கிற மாதிரி வந்து, ஸ்கோர் நோட்டோட ஓரத்துல தட்டி, 2க்கு சாஞ்சிடுச்சு. கெரிக் கார்டு, ஹோம் ரன், 5-4, அதோட ஆட்டம் போச்சு. ஆறு ஆட்டத்தை வச்சு எதையும் அடிச்சு சொல்ல முடியாது, யாங்கீஸை மனசார ஒரு சீசன் நடத்தின அனுபவமும் எனக்கில்ல, அந்த நண்பருக்கு மூரை எப்ப எறக்கணும்னு என்னை விட நல்லாவே தெரியும். அதனாலதான் சுத்தமா அடிச்சு நொறுக்கிடுவோம்னு சொல்லாம இருக்கேன்.

மத்தது ரெண்டு வார்த்தை. ஓட்டத்துல ரெட்ஸ் எட்டாத உயரம், 168 பேஸ் திருட்டு, மாட்டினது 36 தான், எதிர்ல கேட்சர் இடத்துல மூணு பேர் மாத்தி மாத்தி நின்ன டீம். ஃபீல்டிங்ல பெஞ்ச், மார்கன், டேவ் கான்செப்சியோன், ஜெரோனிமோ நாலு பேரும் அந்த வருஷம் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் கிளவ் விருது வாங்கினவங்க, அதுவும் கேட்சர், செகண்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்ட்னு நடு முதுகெலும்பு முழுக்க. மைதானம் எனக்குக் கொஞ்சம் கவலை. பழைய யாங்கி ஸ்டேடியத்துல வலது பக்க ஓரம் 300 அடிகூட கிடையாது, ரூத்துக்கும் கெரிக்குக்கும் வீட்டு வாசல், ஆனா இடது-நடுப்பக்கம் பாலைவனம் மாதிரி விரிஞ்சு கிடக்கும், பெஞ்சும் ஃபாஸ்டரும் பெரஸும் அங்க அடிச்சா கேட்ச்தான். ரெட்ஸோட மைதானம் ரிவர்ஃப்ரன்ட்ல ரெண்டு ஓரமும் 330 அடி, எல்லாருக்கும் ஒண்ணுதான். லீக் பாயின்ட்ல நாங்க மேல இருந்ததால நாலு ஆட்டம் ரிவர்ஃப்ரன்ட்ல.

என் கணக்கு ரெட்ஸ் நாலுக்கு ரெண்டு, ஆறாவது ஆட்டத்துல முடியும். முதல் மூணு ஆட்டத்துக்குள்ள மூரை ரெண்டு தடவை புல்பென்லேர்ந்து வெளிய வரவைக்கணும், அது நடக்கலைன்னா ஏழுக்குப் போகும், ஏழாவதுல ஹாய்ட் ஃப்ரெஷ்ஷா வந்து நின்னா பயமாத்தான் இருக்கு. சனிக்கிழமை கல்லட்தான் ஆரம்பிக்கிறார். ஆறு இன்னிங்ஸ் போனா போதும், கெரிக் நாலாவது தடவை வரும்போது மெக்எனனி, அந்தப் பக்கம் வலதுகை மியூசல், லஜாரி வந்தா ஈஸ்ட்விக். ஸ்கோர் நோட்டை இந்தத் தடவை மேஜைலேர்ந்து எடுத்து மடில வச்சுக்கப் போறேன்.