முதல் அழுத்தலில் எழாத கணினி: இரண்டு மார்கழி கடந்த அனுபவம்

கிருஷ்ணகிரியில் திருமண வீடியோக்களைத் தொகுத்து, ஆல்பங்களை வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். அதற்கென்று பாகங்களைப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கி, உள்ளூர்க் கடையொன்றில் அசெம்பிள் செய்த மேசைக் கணினியைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசைச் செயலி, அதற்குப் பொருந்தும் ஏஎம்5 மதர்போர்டு, 16 ஜிபி வீதம் நான்கு டிடிஆர்5 வகை ரேம்கள், 750 வாட் எஸ்எம்பிஎஸ் (உறுப்புகளுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி), தனி கிராஃபிக்ஸ் கார்டு, கோப்புகளைச் சேமிக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டி ஆகியவை அதன் உறுப்புகள். வேலைத்திறனில் எந்தக் குறையும் இல்லை. குறை முழுவதும் அது எழுவதில்தான் இருந்தது.

காலையில் பொத்தானை அழுத்தினால் விசிறிகள் சுழலும், விளக்குகள் எரியும், ஆனால் டிஸ்ப்ளே வராது. மதர்போர்டின் ஓரத்தில் உள்ள நான்கு சிறு விளக்குகளில் ரேமுக்குரியது மட்டும் அணையாமல் நிற்கும். அழுத்திப் பிடித்து அணைத்து மீண்டும் முயன்றால் சில நாள்களில் உடனே வந்துவிடும். சில நாள்களில் வெகுநேரம் வராது. ஒருமுறை எழுந்துவிட்டால் இரவு வரை எவ்வளவு கனமான கோப்பை ஏற்றினாலும் ஹேங் ஆகாது. எல்லோரையும் குழப்பியது இந்த முரண்பாடுதான். நன்கு ஓடுகிற இயந்திரத்தில் பழுது இருக்கும் என்று யாரும் எளிதில் நம்புவதில்லை; கடைக்குக் கொண்டுபோய்ப் பகலில் போட்டுக் காட்டினால் அது ஒவ்வொரு முறையும் எழுந்தது.

கடையில், "அண்ணா, விண்டோஸை ஒருமுறை ஃபார்மேட் பண்ணிப் பார்த்துடலாம்" என்றார்கள். இதை நான் ஏற்கவில்லை. மதர்போர்டு நிறுவனத்தின் சின்னமே திரையில் தோன்றாத கட்டத்தில் கணினி இன்னும் எஸ்எஸ்டியைத் தொடவே தொடங்கியிருக்காது; அங்கே விண்டோஸுக்கு வேலையே இல்லை. சின்னம் தோன்றிய பிறகு நின்றால்தான் விண்டோஸையும் எஸ்எஸ்டியையும் சந்தேகிக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சமாகும் என்பது என் திடமான கருத்து.

அடுத்த சந்தேகம் மின்சாரத்தின் மீது விழுந்தது. எங்கள் பகுதியில் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குவது உண்டு என்பதால் இதை ஒதுக்கிவிட முடியவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து பிளக்கில் அளந்தபோது 230 வோல்ட்டை ஒட்டியே இருந்தது. எர்த்தும் சரியாக இருந்தது. யூபிஎஸ்ஸைத் தவிர்த்துச் சுவரிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்தும் நிலைமை மாறவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் கம்பியில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்கலாம். மல்டிமீட்டர் காட்டிய அளவுகள் இந்த எல்லைக்குள்தான் இருந்தன. ஆனால் மல்டிமீட்டர் காட்டுவது சராசரியை மட்டுமே. எஸ்எம்பிஎஸ் தன் வோல்டேஜ் நிலைபெற்றதாக மதர்போர்டுக்குச் சைகை தருவது பொத்தானை அழுத்திய பின் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நடந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் ஏற்படும் ஒரு சரிவை அந்தக் கருவி பிடிக்காது. ஆகவே நண்பரின் ஸ்டுடியோவிலிருந்து வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டினேன். அதிலும் அதே காலைத் தகராறு தொடர்ந்த பிறகுதான் மின்சாரத்தின் மீதிருந்த சந்தேகம் நீங்கியது.

பிறகு மதர்போர்டைக் கேபினட்டிலிருந்து கழற்றி, அதன் அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்து, செயலி, கூலர், ஒரே ஒரு ரேம் என்று குறைந்தபட்ச உறுப்புகளோடு ஓட்டினேன். இந்தச் செயலியிலேயே டிஸ்ப்ளே தரும் வசதி இருப்பதால் கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படவில்லை. கேபினட்டின் தகடு எங்கேனும் பட்டு ஷார்ட் ஆகிறதா, ரீசெட் பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொள்கிறதா என்ற ஐயங்கள் இதனால் ஒரே நேரத்தில் தீர்ந்தன. இங்கே பொறுமை மிகவும் முக்கியம்: பழுது காலையில் மட்டும் வருவதால் ஒவ்வொரு மாற்றத்தையும் இரவு முழுதும் ஆறவிட்டு, மறுநாள் முதல் அழுத்தலில்தான் சோதிக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் மூன்று மாற்றங்களைச் செய்தால் எது பலன் தந்தது என்று பிரித்தறியவே முடியாது.

ஒரு ரேமோடு கணினி நாள்தோறும் எழுந்தது. செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில் இரண்டு ரேம்களைப் போட்டபோதும் எழுந்தது. அந்த இணையை எடுத்துவிட்டு மற்ற இணையைப் போட்டாலும் எழுந்தது. நான்கையும் சேர்த்தால் மட்டும் பழைய நிலை திரும்பியது. ஆகவே எந்த ரேமும் தனியாகப் பழுதானதில்லை. ரேமைப் பரிசோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை முழுமையாக ஓட்டியும் ஒரு பிழைகூட வரவில்லை. எழுந்த பிறகு நடக்கும் சோதனையால் எழும்போது நேரும் தடுமாற்றத்தைக் காட்ட முடியாது என்பதுதான் அதற்குக் காரணம்.

விளக்கம் டிடிஆர்5 வேலை செய்யும் முறையில் கிடைத்தது. கணினி எழும்போது செயலியில் உள்ள ரேம் கட்டுப்பாட்டுப் பகுதி ஒவ்வொரு தரவுத் தடத்துக்கும் பொருத்தமான காலக்கணக்கையும் வோல்டேஜையும் முயன்று பார்த்துத் தேர்ந்துகொள்கிறது. இதற்கு மெமரி டிரெய்னிங் என்று பெயர். முதல்முறை இதற்குச் சில நிமிடங்கள் பிடிப்பதும், அதுவரை திரை கறுப்பாகவே இருப்பதும் இயல்பு. பலர் அதைப் பழுது என்றெண்ணி இடையிலேயே அணைத்துவிடுகிறார்கள். ரேம் எண்ணிக்கை கூடும்போது சைகைகளின் தரம் குறைந்து, தேர்ந்துகொள்ளும் எல்லை குறுகிவிடுகிறது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அறிவித்துள்ள வேகம் இரண்டு ரேம்களுக்கு 5200, நான்கு ரேம்களுக்கு 3600 மட்டுமே (நொடிக்கு இத்தனை மில்லியன் தரவுப் பரிமாற்றங்கள் என்ற கணக்கில்). என் ரேம் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த 6000 என்பது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கினால் கிடைக்கும் கூடுதல் வேகம், வழக்கமான 1.1 வோல்ட்டுக்குப் பதில் 1.35 வோல்ட்டில் ஓட்டி அதைப் பெறுகிறார்கள். பெட்டியில் உள்ள எண்ணுக்கு ரேம் பொறுப்பேற்கலாம், செயலி பொறுப்பேற்காது என்பதை விற்பவர்கள் வாங்குபவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

அத்துடன், ஒவ்வொரு முறையும் டிரெய்னிங் செய்யாமல் முந்தைய முடிவுகளையே பயன்படுத்தும் மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோர் என்ற அமைப்பும் இயக்கத்தில் இருந்தது. வெப்பமான அறையில் தேர்ந்த முடிவுகள் எங்கள் மாவட்டத்து மார்கழிக் காலைக் குளிரில் பொருந்தாமல் போயிருக்கலாம் என்பது என் ஊகம். கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸை மதர்போர்டு நிறுவனத்தின் புதிய பதிப்புக்கு மாற்றியபோது நிலைமை ஓரளவு தேறியது. அந்த வேலையை யூபிஎஸ் துணையோடுதான் செய்ய வேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் மதர்போர்டே செயலிழக்க நேரலாம். எக்ஸ்போவை நிறுத்தி, நான்கு ரேம்களையும் 3600 வேகத்துக்கு இறக்கி, அந்த ரிஸ்டோர் அமைப்பையும் அணைத்த மறுநாளிலிருந்துதான் கணினி முழுமையாக ஒழுங்குக்கு வந்தது.

வேகம் குறைந்ததே என்ற கவலை வேலையில் மறைந்தது. டைம்லைனில் வெட்டி ஒட்டுவதில் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. நீண்ட வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போது மட்டும் சற்றே கூடுதல் நேரம் எடுத்தது. தை மாத முகூர்த்தக் காலம் முழுவதையும் இப்படியே கடந்தேன். பெட்டி பிரித்த ரேமைத் திரும்பப் பெற முடியாது என்று விற்றவர் சொல்லிவிட்டதால் பின்னர் சொந்தச் செலவில் 32 ஜிபி ரேம்கள் இரண்டை வாங்கிப் போட்டேன். பழையவற்றில் ஓர் இணை மைத்துனரின் கணினிக்குப் போயிற்று. என் கணினி இப்போது 5200 வேகத்தில் ஓடுகிறது. எழுவதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகிறது, எனினும் தவறாமல் எழுகிறது. ஒரு கோடையையும் இன்னொரு மார்கழியையும் அது இப்படியே கடந்துவிட்டது.

64 ஜிபி வேண்டுவோர் நான்கு 16 ஜிபிக்குப் பதில் இரண்டு 32 ஜிபியாக வாங்குங்கள்; அந்த ரேம் மதர்போர்டு நிறுவனம் வெளியிடும் பரிசோதித்த ரேம் பட்டியலில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். அசெம்பிள் செய்யும் கடையில் கணினியை ஓர் இரவு அணைத்து வைத்து, மறுநாள் காலை உங்கள் கண்முன் முதல் முறை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பயாஸைப் புதுப்பிக்கும்போது நாம் செய்த அமைப்புகள் அழிந்துவிடக்கூடும் என்பதால் ரேம் வேகம், வோல்டேஜ், ரிஸ்டோர் நிலை ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கேபினட்டின் பக்கவாட்டு மூடிக்கு உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்து யார் திறந்து பார்த்தாலும் அங்கிருந்து தொடங்கலாம்.