மூன்று வருடம், ஒரு 4 டிபி ஹார்டு டிஸ்க்: வீடியோ எடிட்டிங்குக்கு வாங்கலாமா?

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "வீட்டு வீடியோவெல்லாம் எடிட் பண்ண ஆரம்பிக்கப் போறேன். நீ வச்சிருக்கிற அதே 4 டிபி டிஸ்க் இப்போ விலை குறைஞ்சிருக்கு. வாங்கிடவா? 4 டிபி போதுமா?"

ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் கேட்டதற்கு முந்தின இரவுதான் 180 ஜிபி வீடியோவை அந்த டிஸ்கில் ஏற்ற 9 மணிக்கு உட்கார்ந்து, 2 மணி தாண்டி எழுந்தேன். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. இருந்தாலும் நியாயமாகவே சொல்லப் பார்க்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது நிறையவே இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் 2.5 அங்குல டிஸ்க். தனி மின்சார ஒயர் வேண்டாம், யூஎஸ்பி ஒன்றே போதும். மூன்று வருடமாக வாரம் தவறாமல் ஓடியிருக்கிறது. ஒரு கோப்புகூடக் கெட்டதில்லை. டிஸ்க் தன் ஆரோக்கியத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைத் திறந்து பார்த்தால், பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்களின் (தகவல் எழுதும் சிறு கட்டங்கள்) எண்ணிக்கை இன்றைக்கும் பூஜ்யம். மகள் முதன்முதலாகத் தத்தி நடந்து, நாலாவது அடியில் உட்கார்ந்துவிட்ட 11 வினாடிக் காட்சி இதில்தான் இருக்கிறது. அதை இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்ததற்கு இந்த டிஸ்குக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

எடிட்டிங்கிலும் பெரும்பாலும் கைகொடுத்தது. சுழலும் தட்டு இல்லாத, வேகமான எஸ்எஸ்டி இல்லாமல் வீடியோ எடிட்டிங்கைத் தொடவே கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்கு எளிது. வினாடிக்கு 100 மெகாபிட்டில் பதிவு செய்யும் 4கே கேமரா என்றால், அது வினாடிக்கு 12.5 எம்பிதான். இந்த டிஸ்க் புதிதாக இருந்தபோது வினாடிக்கு 120 எம்பிக்கு மேல் படித்தது. ஒன்றிரண்டு ட்ராக் வைத்து வெட்டி ஒட்டுகிறவருக்கு அது தாராளம். டைம்லைன் விட்டுவிட்டு ஓடினால் டிஸ்கைத் திட்டாதீர்கள். எச்.265 முறையில் இறுக்கிச் சுருக்கிய வீடியோவைப் பிரித்துக் காட்ட ப்ராசசர் படுகிற பாடாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். என் கணினியில் அதே வீடியோவை எஸ்எஸ்டிக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தேன், அதே திணறல். ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் ஒரு சிறிய நகல், போட்ட பிறகுதான் வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்று நான்கு கேமராக் காட்சிகளைச் சேர்த்து ஓடவிட்டால் மட்டும் ஹார்டு டிஸ்க் தோற்கும். உள்ளே தகவலைப் படித்து எழுதும் ஹெட் அங்கும் இங்கும் தாவிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், அந்த 120 எம்பி வேகம் அப்போது கிடைக்காது.

சரி, இடத்துக்கு வருகிறேன். வாங்கும்போது நான் போட்ட கணக்கு இதுதான். ஐபோனில் 4கே, 30 ஃப்ரேம், எச்.265 என்றால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, அதாவது ஒரு மணி நேரத்துக்கு 10 ஜிபி. மாதத்துக்கு 3 மணி நேரம் எடுத்தாலும் வருடத்துக்கு 360 ஜிபி. 4 டிபி என்பது விண்டோஸில் 3.63 ஆகத்தான் தெரியும், டிஸ்க் நிறுவனங்கள் 1000-த்தால் பெருக்குகின்றன, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. அதைக் கழித்தாலும் பத்து வருடத்துக்குக் கவலையில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

மூன்றாவது வருடத்திலேயே டிஸ்க் 85 சதவீதம் நிரம்பிவிட்டது. 60 ஃப்ரேமில் எடுத்தால் அசைவு அழகாக இருக்கிறது என்று அதற்கு மாறியிருந்தேன், அது நிமிடத்துக்கு 400 எம்பி. அப்புறம் கேமரா ஒன்று வாங்கினேன், மணிக்கு 45 ஜிபி. இவ்வளவும் சேர்த்தும் நான் எடுத்த வீடியோ 1.7 டிபிதான். மிச்சத்தை விழுங்கியது எது என்று ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து பார்த்தபோது, எடிட்டிங் மென்பொருள் தானே உருவாக்கி வைத்த கோப்புகள் மட்டும் 1.4 டிபி இருந்தன.

முதல் வருடத்தில் ஒரு குடும்பப் பயண வீடியோவுக்கு, ஓட்டம் சீராக இருக்கட்டும் என்று 'ஆப்டிமைஸ்டு மீடியா'வைப் போட்டிருந்தேன். அது ஒவ்வொரு காட்சியையும், எடிட்டிங்குக்கு இலகுவான ஆனால் இடத்தை விழுங்கும் புரோரெஸ் 422 என்ற வடிவத்துக்கு மாற்றி எழுதும். 4கே, 30 ஃப்ரேம் என்றால் புரோரெஸ் 422 மணிக்குச் சுமார் 265 ஜிபி. போனில் 10 ஜிபியாக வந்த ஒரு மணி நேரம், டிஸ்கில் 265 ஜிபியாகப் பெருத்து உட்கார்ந்திருந்தது. மூன்று மணி நேரக் காட்சிக்கு 800 ஜிபி போய்விட்டது. படம் முடிந்து, எக்ஸ்போர்ட் ஆகி, எல்லோரும் பார்த்துச் சிரித்து, இரண்டு வருடம் கழிந்த பிறகும் அது அங்கேயே கிடந்தது. யாரும் எச்சரிக்கவில்லை. இப்போது 1080 அளவில் ப்ராக்ஸி மட்டும் போடுகிறேன். புரோரெஸ் ப்ராக்ஸி என்றாலே மணிக்கு 20 ஜிபி அளவில் முடிந்துவிடும், எச்.264 ப்ராக்ஸி இன்னும் சிறியது. உங்கள் டிஸ்கிலும் ஒரு தடவை பாருங்கள். உங்கள் எடிட்டிங் மென்பொருள் பிரீமியர் என்றால் மீடியா கேஷ் (தற்காலிகக் கோப்புகள்) ஃபோல்டர், ரிசால்வ் என்றால் கேஷ்கிளிப், ஃபைனல் கட் என்றால் லைப்ரரிக்குள்ளேயே ரெண்டர் கோப்புகள். இவை எல்லாவற்றையும் மென்பொருள் திரும்ப உருவாக்கிக்கொள்ளும், அழித்தால் நேரம்தான் போகும், வீடியோ போகாது.

ஆக, 1.4 டிபியை அழித்தேன். பாதிக்கு மேல் காலி. இனிப் பழையபடி ஓடும் என்று நம்பித்தான் அன்றிரவு அந்த 180 ஜிபியை இழுத்துப் போட்டேன்.

ஆரம்பத்தில் வினாடிக்கு 115 எம்பி. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். 25 ஜிபி தாண்டியதும் பச்சைக் கோடு அப்படியே சரிந்தது. 40, 12, அப்புறம் 0. அரை நிமிடம் பூஜ்யத்திலேயே நின்றது. கேபிள் கழன்றுவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். திடீரென்று 60-க்கு எகிறி, நாலு வினாடியில் மறுபடி 0. டிஸ்க் மேல் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது, உள்ளே விடாமல் டிக் டிக் என்று ஹெட் ஓடிக்கொண்டிருக்கும் அதிர்வு விரலில் தெரிந்தது. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், கணினியையே மாற்றினேன். எதிலும் வித்தியாசமில்லை. 2 மணிக்கு மேல் காப்பி முடிந்தது என்று திரை சொன்ன பிறகும், டிஸ்கின் விளக்கு இன்னொரு 20 நிமிடம் மினுக்கிக்கொண்டே இருந்தது.

இதற்குக் காரணம் எஸ்எம்ஆர் என்ற பதிவு முறை. இந்த டிஸ்கை வாங்க நினைக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். ஹெட் படிப்பதற்குக் குறுகலான தடம் போதும், எழுதுவதற்கு அகலமான தடம் வேண்டும். அதனால் டிஸ்குக்குள் சுழலும் அதே தட்டில் இன்னும் அதிகம் அடைக்க, ஓட்டுக் கூரையில் ஓடு வேய்கிற மாதிரி ஒரு தடத்தின் விளிம்பின் மேல் அடுத்த தடத்தை ஏற்றி எழுதிவிடுகிறார்கள். வரிசையாக வேய்ந்துகொண்டே போகும்வரை பிரச்சினை இல்லை. நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன் மேல் படிந்திருக்கும் ஓடுகளை எல்லாம் எடுத்துவிட்டுத் திரும்ப அடுக்க வேண்டும். டிஸ்கும் அதைத்தான் செய்கிறது. வருவதை முதலில் ஒரு சிறு பகுதியில் வாங்கி வைத்துக்கொள்கிறது, அந்த ஆரம்ப வேகம் அப்படி வந்ததுதான். அது நிரம்பியதும் பழையதைப் படித்து, புதியதைச் சேர்த்து, மொத்தமாகத் திரும்ப எழுதுகிறது. எனக்கு வந்த பூஜ்யங்கள் எல்லாம் அந்த நேரம்தான்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. விண்டோஸ் பாதிக்கு மேல் காலி என்று காட்டுகிறது, ஆனால் டிஸ்குக்கு அது காலி என்று தெரியாது. நாம் அழிக்கும்போது பட்டியலிலிருந்து பெயர்தான் நீங்குகிறது. "இந்த இடம் இனி வேண்டாம்" என்று சொல்லும் டிரிம் கட்டளையைச் சில எஸ்எம்ஆர் மாடல்கள் ஏற்கும், என்னுடையது ஏற்காது. அதனால் நான் அழித்த 1.4 டிபிக் குப்பையையும் அது மதிப்புள்ளதாகக் கருதி, படித்துப் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. எழுதி, அழித்து, மறுபடி எழுதுவதுதான் வீடியோ எடிட்டிங்கே. கேஷ் வரும், போகும். ப்ராக்ஸி வரும், போகும். இந்த டிஸ்குக்கு ஆகாத வேலையை மூன்று வருடம் கொடுத்திருக்கிறேன்.

அட்டையில் 4 டிபி என்று பெரிதாக இருக்கிறது. எஸ்எம்ஆர் என்று எந்த ஓரத்திலும் இல்லை. 2020-ல் பெரிய டிஸ்க் நிறுவனங்களே சில மாடல்களில் இதைச் சொல்லாமல் விற்றது வெளியே வந்து, அதன் பிறகுதான் எது எந்த முறை என்று பட்டியல் போட்டார்கள். வாங்குகிறவருக்கு இது தெரிய வேண்டாமா? சேமித்து வைக்க வாங்குகிறவருக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. ஒரு தடவை எழுதி, எப்போதாவது எடுத்துப் பார்ப்பதற்கு எஸ்எம்ஆர் நல்ல முறைதான், அதே அளவுத் தட்டில் அதிக இடம் கிடைப்பதும் அதனால்தான். சொல்லிவிட்டு விற்றிருக்கலாம், அவ்வளவுதான் என் வழக்கு.

இப்போது நண்பரின் கேள்வி, 4 டிபி போதுமா? அவரிடம் 100 மெகாபிட் கேமரா இருக்கிறது, மாதம் 2 மணி நேரம் எடுக்கிறார். அது 90 ஜிபி, வருடத்துக்கு 1 டிபி தாண்டும், மூன்று வருடத்தில் 3.2 டிபி. எடுத்த வீடியோவுக்கு மட்டுமே இவ்வளவு. ப்ராக்ஸியும் கேஷும் இருக்கின்றன, முடித்த படங்கள் இருக்கின்றன. தட்டின் வெளி வட்டத்தில் எழுதும் வேகத்தில் பாதிதான் உள் வட்டத்தில் வரும், டிஸ்க் நிரம்ப நிரம்ப உள்ளேதான் போகும், அதனால் கால்வாசியாவது காலியாக விட வேண்டும். 4 போதாது, 8 டிபி வேண்டும்.

வேண்டாத காட்சிகளை அழித்தால் இடம் மிச்சமாகுமே என்றார். நான் அழிக்க மாட்டேன். எடிட்டில் தள்ளிவிட்ட ஒரு ஆடிப்போன காட்சியில், கேமராவுக்கு வெளியே மகள் தனக்குத் தானே ஏதோ பாடிக்கொண்டிருக்கிறாள். மூன்று வயதுக் குரல், அதே பாட்டு வேறெந்த வீடியோவிலும் இல்லை. எது வேண்டாதது என்று எடிட் பண்ணுகிற அன்று தெரிவதில்லை.

அந்த 8 டிபியும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். எந்த டிஸ்கும் ஒருநாள் நிற்கும், என்னுடைய பூஜ்யம் செக்டர் டிஸ்கும் நிற்கும். இதில் பேரம் பேச எனக்கு மனமில்லை.

மூன்று வருடம் ஒரு குறை சொல்லாமல் உழைத்த டிஸ்க், ஒரு கோப்பைக்கூடத் தொலைக்காத டிஸ்க். ஆனாலும் எடிட்டிங்குக்கு இதை வாங்காதே என்றுதான் நண்பருக்குப் பதில் அனுப்பினேன். நடக்கிற வேலைக்கும் கேஷுக்கும் 1 டிபி எஸ்எஸ்டி. முடிந்தவற்றைப் போட்டுவைக்க 8 டிபியில் 3.5 அங்குல டிஸ்க், அதுவும் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாத சிஎம்ஆர் முறையில் எழுதுவது. எஸ்எஸ்டியை மின்சாரம் காட்டாமல் வருடக்கணக்கில் அலமாரியில் வைக்க நான் துணிய மாட்டேன், அதனால் சேமிப்புக்கு ஹார்டு டிஸ்க்தான். என் 4 டிபியை இரண்டாவது காப்பி வைக்க ஒதுக்கிவிட்டேன். மாதம் ஒரு தடவை, தூங்கப் போகும் முன் காப்பி போட்டுவிட்டுப் போய்விடுகிறேன், காலையில் முடிந்திருக்கிறது.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன்னால் மாடல் எண்ணைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அட்டையில் இல்லாவிட்டாலும், அந்த எண்ணை வைத்துத் தேடினால் தயாரித்தவர்களின் விவரத் தாளில் சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று பெரும்பாலும் கிடைத்துவிடும்.