வயதைக் குறைப்பதா, பட்டியலைச் சரிசெய்வதா?

இளைஞர்களுக்கு வாக்குரிமை என்று பேச்சு எடுத்தாலே 16ஆ 18ஆ என்று சண்டை தொடங்கிவிடும். பட்டியலில் பெயரைச் சேர்க்கும் வேலை யாருடையது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

முதலில் ஆஸ்திரியா. 2007இல் எல்லாத் தேர்தலுக்கும் வயதை 16 ஆக்கிவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைக்கு அரசியல் என்ன தெரியும் என்று அங்கேயும் கேட்டார்கள். ஆனால் முதல்முறை வாக்களிப்பவர்களில் 18 முதல் 20 வயதுக்காரர்களைவிட 16, 17 வயதினரே அதிகம் வந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. காரணம் ஊகிக்கக்கூடியதுதான், 16இல் வீடும் பள்ளியும் பக்கத்தில் இருக்கின்றன, 18 ஆனதும் படிப்பு, வேலை என்று ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். இன்னொன்று, அங்கே வசிப்பிடப் பதிவை வைத்துக் குடிமக்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலுக்குப் போய்விடும். ஆஸ்திரியாவை உதாரணம் காட்டுபவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

பிரேசில் வேறு வழி. 1988 அரசியல் சாசனப்படி 16, 17 வயதினர் விரும்பினால் வாக்களிக்கலாம், 18 ஆனால் கட்டாயம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த வயதினர் தாங்களே போய்ப் பதிவு செய்ய வேண்டும். 2022 தேர்தலுக்கு முன் பிரபலங்கள் எல்லாம் கூவிக்கூவி அழைத்த பிறகு, ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் 16 முதல் 18 வயதினர் 20 லட்சத்துக்கும் மேல் பதிந்தார்கள். யாரும் கூவாத வருஷத்தில்?

தேர்தலுக்குத் தேர்தல் வயதை மாற்றும் அரைகுறை வழி எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்காட்லாந்தில் 2014 சுதந்திர வாக்கெடுப்பில் 16 வயதில் வாக்களித்தவர்களில் சிலருக்கு ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதா என்று கேட்ட 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் உரிமை இல்லை, 18 நிரம்பவில்லையாம். ஜெர்மனியில் 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்கு 16 போதும், சொந்த நாடாளுமன்றத்துக்கு 18 வேண்டும்.

என் ஓட்டு மலேசியா பக்கம். 21ஐ 18 ஆகக் குறைத்த 2019 திருத்தத்திலேயே தானியங்கிப் பதிவையும் சேர்த்துக்கொண்டார்கள், இரண்டும் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன. 2018இல் ஏறக்குறைய 1.5 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022 தேர்தலில் 2.1 கோடியைத் தாண்டியது. கூடிய 60 லட்சத்துச் சொச்சத்தில் 18 முதல் 20 வயதினர் சுமார் 14 லட்சம்தான். மீதியில் பெரும்பகுதி, ஏற்கெனவே 21ஐத் தாண்டியும் பட்டியலில் இல்லாதவர்கள். வயதைக் குறைத்ததைவிடப் பட்டியலைச் சரிசெய்தது எத்தனை பேரை உள்ளே கொண்டுவந்தது பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. அடையாள அட்டையில் உள்ள முகவரியை வைத்தே தொகுதி முடிவாகிறது, அதனால் நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு அட்டையில் ஊர் முகவரியை மாற்றாமல் விட்டவர், வாக்களிக்க ஊருக்குத்தான் போக வேண்டும்.

இந்தியா 1989இல் 21ஐ 18 ஆக்கியது. இப்போது 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், 18 நிரம்பியிருக்க வேண்டிய தகுதித் தேதி வருஷத்துக்கு ஒன்று என்பதும் நான்காகிவிட்டது. எல்லாம் சரி, ஆனாலும் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6ஐ நிரப்பிக் கொடுப்பது இன்னும் இளைஞரின் வேலைதான். முதலில் அதை மாற்றட்டும், 16ஐப் பற்றி அப்புறம் பேசலாம்.