நான்கு போர் உலகங்கள், பல கைகள்: எந்தத் தொகுப்பு வரிசையில் தொடங்கலாம்?

ஒருவர் ஒரு உலகத்தைக் கட்டி வைப்பார், பத்துப் பேர் உள்ளே வந்து அதில் கதை எழுதுவார்கள். ராணுவ அறிவியல் புனைவில் இந்த வகைத் தொகுப்புகளுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 1988 என்ற ஒரே வருடத்தில் மூன்று வரிசைகள் தொடங்கின: லாரி நிவனின் மேன்-க்ஸின் வார்ஸ், ஜெர்ரி பூர்னெலின் வார் வேர்ல்ட், டேவிட் டிரேக்கும் பில் ஃபாசெட்டும் சேர்ந்து தொகுத்த தி ஃப்ளீட். ஐந்து வருடம் கழித்து, 1993ல், கீத் லாமரின் போலோ டாங்கிகளை வைத்து அதே பில் ஃபாசெட் இன்னொரு வரிசையைத் தொடங்கினார்.

நான்கில் எதை முதலில் எடுப்பது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அட்டையில் யார் யார் பெயர் இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். அது உதவாது. பெரிய பெயர்கள் நான்கிலும் இருக்கின்றன. நான் பார்ப்பது வேறு: உள்ளே நுழைகிற எழுத்தாளர் எந்த விதியை மீறவே முடியாது? அந்த விதி கெட்டியாக இருந்தால் சுமாரான எழுத்தாளரும் நல்ல கதை தந்துவிடுகிறார். விதி தளர்வாக இருந்தால் நல்ல எழுத்தாளரும் ஏனோதானோ என்று எழுதிவிட்டுப் போகிறார்.

வார் வேர்ல்டில் விதி நிலத்திலேயே இருக்கிறது. ஹேவன் என்பது ஒரு ராட்சத வாயுக் கோளைச் சுற்றும் நிலவு. குளிர் கடுமை, காற்று மெல்லிசு. மேட்டுநிலத்தில் ஒரு கர்ப்பிணியால் பத்திரமாகப் பிள்ளை பெற முடியாது, காற்று அடர்த்தியாக இருக்கும் தாழ்ந்த பள்ளத்தாக்குக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். இந்த ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். பள்ளத்தாக்கு யார் கையில் இருக்கிறதோ, மேட்டுநிலத்து மக்களின் அடுத்த தலைமுறை அவர்கள் கையில். வரி, கப்பம், முற்றுகை, திருமணம், துரோகம் எல்லாம் அதிலிருந்தே முளைக்கின்றன, அதற்காக எந்த எழுத்தாளரும் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. பூமியிலிருந்து நாடு கடத்தப்பட்ட பல இனத்தவர் ஏற்கெனவே அல்லாடிக்கொண்டிருக்கும் அந்த நிலவில், மரபணு மாற்றி உருவாக்கப்பட்ட போர்வீரர்களான சாரான்கள், தங்கள் போரில் தோற்று, ஒற்றைக் கப்பலில் தப்பி வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கும் அதே பிரச்சினைதான்: பிள்ளைகள் வேண்டும், பெண்கள் போதாது. ஹாரி டர்டில்டவ் இங்கே வந்து, தெரியாமல் தந்தையைக் கொன்று தாயை மணக்கும் கிரேக்க ஈடிபஸ் கதையைப் புல்வெளி நாடோடிகளின் நடுவில் நடத்திக் காட்டியது எனக்கு ஆச்சரியமே இல்லை. குழந்தைகளைத் தரம் பிரித்துக் கழிக்கும் ஒரு சமூகம் தூக்கிப் போட்ட குழந்தைதான் அவர் கதையின் நாயகன் ஜூச்சி. இந்த உலகம் அந்தக் கதையைத் தானாகவே கேட்கிறது.

குறை என்ன என்றால், இருள் விலகுவதே இல்லை. அடுத்தடுத்து நான்கு கதை படித்தால் மனது கனத்துவிடும். பெண்கள் மீதான வன்முறை கதைக்குக் கதை வருகிறது, சில இடங்களில் அது வெறும் பின்னணிச் சாயமாக மட்டும் பயன்படுவது எனக்குப் பிடிக்கவில்லை. போதாததற்கு, பூர்னெல் தன் மற்ற கதைகளில் கட்டிய கோடொமினியம் என்ற கற்பனை எதிர்கால வரலாறு தெரியாதவருக்கு முதல் தொகுப்பின் முதல் பாதி கொஞ்சம் திண்டாட்டம்.

போலோ இதற்கு நேர் எதிர். அங்கே முன்கதை ஒன்றுமே தேவையில்லை. தானாகச் சிந்திக்கும் ராட்சத டாங்கி, கட்டளைக்கும் தன் படையின் கௌரவத்துக்கும் கட்டுப்பட்டது, அவ்வளவுதான். ஒவ்வொரு டாங்கிக்கும் அது எந்தத் தலைமுறை மாடல் என்று காட்டும் ஒரு மார்க் எண் உண்டு, எழுத்தாளர் எண்ணைத் தேர்ந்தெடுத்ததும் கதை நடக்கும் காலமும் முடிவாகிவிடும். விதி கெட்டி, ஆனால் எளிது: போலோ துரோகம் செய்யாது. அப்படியானால் கதையின் முரண் எங்கிருந்து வரும்? மனிதர்களிடமிருந்து. டாங்கி விசுவாசமாகவே இருக்கிறது, அதை உருவாக்கியவர்கள் அதற்குத் தகுதியானவர்களா என்பதுதான் கேள்வி. லாமர் 1967ல் எழுதிய தி லாஸ்ட் கமாண்ட் கதையில் கதிரியக்கம் ஏறிய பழைய போலோ ஒன்றைப் போர் முடிந்ததும் பூமிக்கடியில் புதைத்துவிடுகிறார்கள். பல பத்தாண்டுகள் கழித்து மேலே கட்டடம் கட்ட வெடி வைக்கும்போது அது விழித்துக்கொள்கிறது, எதிரி தாக்குகிறான் என்று நம்பி மண்ணைக் கிழித்துக்கொண்டு நகரத்தை நோக்கி வருகிறது. அதோடு ஒருகாலத்தில் பணியாற்றிய கிழவர் ஒருவர் நடந்து போய் அதன் முன்னால் நிற்கிறார். பக்கத்தில் போனாலே சாவு என்பது அவருக்குத் தெரியும். அவர் பேசுகிறார், அது நிற்கிறது, பிறகு இருவரும் ஒன்றாக ஊரை விட்டு வெளியே போகிறார்கள். பல வருடமாகியும் அந்தக் கிழவரின் நடை எனக்குக் கண்முன்னே நிற்கிறது.

தொகுப்புகளில் வரும் பிறர் கதைகள் இந்த உயரத்தை அடிக்கடி தொடுவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒற்றை டாங்கி, கடைசிப் போராட்டம், வீரச் சாவு என்று ஒரே அச்சில் வார்த்தவை நிறைய. ஆனால் 1995ல் வந்த தி டிரையம்ஃபன்ட் தொகுப்பில் டேவிட் வெபர் எழுதிய மைல்ஸ் டு கோ வேறு ரகம். நைக்கி என்ற போலோவுக்கும் அதன் தளபதிக்கும் இடையில் வளர்வதைக் காதல் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மேன்-க்ஸின் வார்ஸ் விஷயத்தில் விதி இன்னும் வினோதமானது: முடிவு முன்கூட்டியே தெரியும். நிவனின் பழைய கதைகளிலேயே, புலி போன்ற க்ஸின்கள் எல்லாப் போரிலும் தோற்றுவிட்டார்கள், ஏனென்றால் தயாராவதற்கு முன்னாலேயே பாய்ந்துவிடுவார்கள். ஆகவே யார் ஜெயிப்பார் என்பதில் பரபரப்பு கிடையாது. நல்ல எழுத்தாளர்கள் இதைப் புரிந்துகொண்டு கதையை வேறு பக்கம் நகர்த்தினார்கள், முக்கியமாக க்ஸின்கள் பிடித்து ஆண்ட வுண்டர்லாண்ட் என்ற மனிதக் குடியேற்றக் கோளில், அடிமைப்பட்ட மனிதர்கள் அன்றாடம் எப்படி வளைந்து கொடுத்து வாழ்ந்தார்கள் என்பதற்கு. இன்னொரு சங்கடமான விதி, க்ஸின் பெண்களுக்குப் பகுத்தறிவு கிடையாது என்பது. முதல் தொகுப்பிலேயே டீன் இங், ஆதிகாலத்து க்ஸின் பெண்கள் புத்திசாலிகளாக இருந்தார்கள் என்று ஒரு கதவைத் திறந்துவிட்டார். விதியை உடைக்காமல் அதன் இடுக்கில் கை விடுவது இப்படித்தான். என் கணக்கில் முழு வரிசையின் உச்சம் நான்காம் தொகுப்பில் டொனால்ட் கிங்ஸ்பரி எழுதிய தி சர்வைவர். வீரம் மட்டுமே மதிப்பு என்ற இனத்தில் கோழையாகப் பிறந்த ஒரு க்ஸினின் கதை அது. அவனைச் சுற்றியிருப்பவர்கள் அவனை வேட்டையாடத் துடிக்கிறார்கள், அவனோ அடிமைகளைப் பழக்கும் வேலையில் ஒளிந்துகொண்டு பிழைக்கிறான், அப்புறம் அந்தப் பிழைப்புக்காக அவன் மற்றவர்களுக்குச் செய்வதைப் படிக்கும்போது பரிதாபமும் அருவருப்பும் சேர்ந்தே வருகிறது. பின்னால் வந்த தொகுப்புகளில் இந்தக் கூர்மை குறைந்துவிட்டது, முதல் நான்கோடு நிறுத்தினாலும் நஷ்டமில்லை.

தி ஃப்ளீட் பற்றி நீட்டத் தேவையில்லை. 1988 முதல் 1991 வரை ஆறு தொகுப்புகள், தொடர்ந்து ஓடும் போர், கதைகளுக்கு நடுவில் இணைப்புப் பகுதிகள். இங்கே விதி என்பது போரின் கால வரிசைதான், நிலமும் இல்லை, இயல்பும் இல்லை. அதனால் எழுத்தாளருக்கு எழுத்தாளர் தொனி தாவுகிறது, எதிரிகளான காலியன்கள் ஓரிடத்தில் வெறும் மிருகங்களாகவும் இன்னோரிடத்தில் தன்மானமுள்ள வீரர்களாகவும் தெரிகிறார்கள். ஆனாலும் டிரேக் எழுதிய ஹெட்ஹன்டர்ஸ் படைக் கதைகளை விட்டுவிடக் கூடாது. வியட்நாமில் கவசப் படையோடு இருந்துவிட்டு வந்தவர் அவர், கேப்டன் கோவாக்ஸும் அவருடைய ஆட்களும் அனுபவிக்கும் களைப்பு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, படிக்க வேண்டிய வரிசை. முதலில் லாமரின் தி லாஸ்ட் கமாண்ட், அதன் சூடு ஆறுவதற்குள் போலோ வரிசையின் முதல் தொகுப்பான 1993ன் ஹானர் ஆஃப் தி ரெஜிமென்ட். பிறகு மேன்-க்ஸின் முதல் தொகுப்பு. அதில் நிவன் 1966ல் எழுதிய தி வாரியர்ஸ் இருக்கிறது, ஆயுதமே இல்லாத மனிதர்கள் தங்கள் கப்பலின் ஒளிக்கற்றையையே வாளாக்கும் கதை, அதைத் தாண்டிவிட்டு மற்றதைப் படிக்காதீர்கள். வார் வேர்ல்டை மூன்றாவதாக, நிதானமாக, ஒரு நாளைக்கு ஒரு கதை என்று எடுங்கள். ஃப்ளீட் தொகுப்பு எங்காவது கைக்குக் கிடைத்தால் பொருளடக்கத்தில் டிரேக் பெயரைத் தேடி நேராக அந்தப் பக்கத்துக்குப் போய்விடுங்கள்.